கையெழுத்துக்கு முந்தைய கேள்வி

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் அம்மா மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்து வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு தாமதமாகத்தான் வந்தது, படிப்பும் ஏறவில்லை. பள்ளியில் ‘டெஸ்ட் எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் இன்னும் பயிற்சியில் இருக்கும் ஓர் உளவியலாளர். அவர் கையில் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவை இருக்கிறது. குழந்தை தன் அன்றாட வேலைகளை எவ்வளவு தூரம் தானே பார்த்துக்கொள்கிறது என்பதை 89 உருப்படிகளில் கேட்டறியும் அளவை அது. பதில் சொல்பவர் பெரும்பாலும் தாய்தான்.

“பக்கத்துக் கடைக்குத் தனியா போய்ட்டு வருவானா?”

“ரோட்டுல லாரி ஜாஸ்திங்க. அனுப்புறதில்ல.”

பயிற்சியாளர் அந்த வரிக்கு எதிரே கழித்தல் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். ஐந்து நொடி வேலை.

அந்த ஐந்து நொடியின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு வயது என்றால் 96 மாதம். எல்லாக் குறிகளையும் கூட்டி அட்டவணையில் பார்த்ததில் சமூக வயது 66 மாதம் வருகிறது என்று கொள்வோம். 66ஐ 96ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சமூக ஈவு 69. அந்த வயதுப் பகுதியில் ஓர் உருப்படியின் மதிப்பு இரண்டு மாதத்துக்கும் மேல். கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் விழுந்திருந்தால் சமூக வயது 68 மாதத்தைத் தாண்டும், ஈவு 71 ஆகும். மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட ஊன மதிப்பீட்டு நெறிகள், 55 முதல் 69 வரை இருந்தால் ஊனம் 50 விழுக்காடு என்று வகுத்தன. 70 முதல் 84 வரை என்றால் 25 விழுக்காடு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போட்ட எல்லைக்கோடு. உதவித்தொகை, பயணச் சலுகை போன்றவை அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் இருக்கின்றன. ‘அறிவுசார் குறைபாடு உள்ளவன்’ என்று ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் பெயரும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தத் தாய் ‘போகத் தெரியாது’ என்று சொல்லவில்லை, ‘அனுப்புவதில்லை’ என்றுதான் சொன்னார். இரண்டும் வேறு வேறு. இந்த அளவையை 1935இல் உருவாக்கிய எட்கர் டால் இந்த வேறுபாட்டை முன்பே எதிர்பார்த்து, ‘வாய்ப்பு இல்லை’ என்பதற்குத் தனிக் குறியீடு வைத்திருந்தார். பயிற்சியாளரும் அதைக் கையேட்டில் படித்திருப்பார். ஆனால் மதியம் ஒரு மணி, வெளியே இன்னும் பத்துப் பேர் என்ற நிலையில் படித்தது நினைவுக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் தாளைப் பார்த்து, “அம்மா என்ன வார்த்தை சொன்னாங்க?” என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலைக்குத்தான் மேற்பார்வை என்று பெயர். மருத்துவமனைகளில் ‘சூப்பர்விஷன்’ என்ற சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. உளவியல் சோதனைப் பயிற்சியில் இதைவிட முக்கியமான பகுதி வேறில்லை. எளிதில் ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிடுவதும் இதுதான். மேற்பார்வை, எழுதி முடித்த அறிக்கையிலிருந்து தொடங்கினால் அது சடங்கு. குழந்தையின் வாயிலிருந்து வந்த சொல் பதிவான தாளிலிருந்து தொடங்கினால்தான் அது கல்வி. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

சட்டத்தில் இருக்கும் சொல்

இந்தியாவில் மருத்துவ உளவியல் பயிற்சிக்கு எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனம் அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பை ஆரம்பித்தது. 1974இல் நிம்ஹான்ஸ் ஆன நிறுவனம் இதுதான். பட்டயம் பின்னாளில் எம்.ஃபில். ஆயிற்று. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இத்துறைக்குப் பதிவேடும் பாடத்திட்டமும் வகுத்தது. முதுகலை முடித்தவர் இரண்டு ஆண்டு முழுநேரம் மருத்துவமனையில் பயின்று, நோயாளர் பதிவுகளை மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு சமர்ப்பித்து, தேர்வெழுதி, பதிவெண் பெறுவது வழக்கமாயிற்று.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மருத்துவ உளவியலாளர்’ யார் என்பதை வரையறுக்கும்போது இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தகுதி. மற்றொன்று, இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். அந்த இரண்டாவது வழியைச் சொல்லும் வாசகத்திலேயே, படிப்பு ‘மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை’ உள்ளடக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அதாவது மேற்பார்வை, பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கும் ஒரு வசதி என்ற நிலையில் இல்லை. பட்டத்தின் இலக்கணத்திலேயே அது இருக்கிறது.

ஆனால் மேற்பார்வை என்றால் என்ன, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தத் தாளைப் பார்ப்பது என்பதெல்லாம் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. இதற்கிடையே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தின. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தரப்பட்டது. படிப்பின் பெயரும் வடிவமும் மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பழைய படிப்பின் எந்தப் பகுதி உயிர்நாடி என்று கேட்டுக்கொள்வது பொருத்தம்.

மேற்பார்வைக்கு உலகெங்கும் எடுத்தாளப்படும் விளக்கம் ஜானின் பெர்னார்ட், ராட்னி குட்இயர் இருவரும் தந்தது. ஒரு தொழிலில் மூத்தவர் அதே தொழிலின் இளையவருக்குச் செய்யும் தலையீடு அது. மதிப்பிடும் அதிகாரம் கொண்டது. காலம் நெடுகத் தொடர்வது. இளையவரின் திறனை வளர்ப்பது, எதிரே இருக்கும் நோயாளர் பெறும் சேவையின் தரத்தைக் காப்பது, தகுதி இல்லாதவரைத் துறைக்குள் விடாமல் வாசலில் நிற்பது என்று மூன்று வேலைகளை அவர்கள் சொல்கிறார்கள். மேற்பார்வை பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி உளச் சிகிச்சையைப் பற்றியது. சோதனை என்பது கையேட்டைப் பார்த்துச் செய்துவிடக்கூடிய இயந்திர வேலை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த எண்ணம் தவறு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

பழகப் பழக வந்துவிடுமா?

கைப்பழக்கத்தில் நமக்கு நம்பிக்கை அதிகம். நூறு தடவை செய்தால் நூற்றியோராவது தடவை சரியாக வரும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைக் கலைக்கிறது. வெக்ஸ்லர் குழந்தைகள் நுண்ணறிவுச் சோதனையின் நான்காம் பதிப்பை நடத்தப் பயிலும் முதுநிலை மாணவர்களின் 51 விடைப்பதிவுத் தாள்களை எடுத்து, ஒவ்வொரு வரியையும் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 98 விழுக்காடு தாள்களில் பிழை இருந்தது. சராசரியாக ஒரு தாளுக்கு 25.8 பிழைகள். பிழைகளைத் திருத்தியபோது மூன்றில் இரண்டு பங்குத் தாள்களில் ஒட்டுமொத்த ஐ.க்யூ. எண்ணே மாறியது.

என்ன பிழைகள்? குழந்தை சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதாமல் விடுவது, தெளிவில்லாத விடைக்கு ‘இன்னும் கொஞ்சம் சொல்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் போவது, தகுதிக்கு மேல் மதிப்பெண் போடுவது ஆகியவை அடிக்கடி வந்தன. பெரிய அறிவுக் குறை எதுவும் இல்லை. எல்லாம் சின்னச் சின்னக் கை வழுவல்கள். இன்னொரு முடிவும் உண்டு: அடுத்தடுத்துப் பயிற்சிச் சோதனைகள் நடத்தியும் மாணவர்களின் பிழைகள் குறையவில்லை.

காரணம் யோசித்தால் புரியும். சாம்பாரில் உப்பு குறைந்தால் பந்தியில் யாராவது சொல்லிவிடுவார்கள். தையல்காரர் அளவு தப்பாக எடுத்தால் சட்டை திரும்பி வரும். உளவியல் சோதனை நடத்துபவருக்கு அப்படி எதுவும் திரும்பி வருவதில்லை. 69 என்று எழுதிய குழந்தையின் உண்மையான எண் 76ஆக இருந்திருக்கலாம். அதை அவர் எந்நாளும் அறியப் போவதில்லை. குழந்தை சான்றிதழோடு போய்விடும். தவறு தவறாகத் தெரியாத இடத்தில் பழக்கம் தவறைத்தான் மெருகேற்றும். உளவியலாளர் ஹோவர்ட் கார்ப் 1989இல் வெளியிட்ட திறனாய்வும் இதையே வேறு கோணத்தில் சொன்னது: பயிற்சிக்குப் பயன் இருக்கிறது, ஆனால் வெறும் அனுபவ ஆண்டுகள் கூடுவதால் தீர்ப்பின் துல்லியம் கூடுவதாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் பந்தியில் குறை சொல்பவரை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் அந்த வேலைக்கு வருபவர்.

மேசையருகே

அந்த வேலை கிட்டத்தில் எப்படி இருக்கும்? உண்மையான சோதனை வினாக்களைப் பொதுவெளியில் எழுதுவது முறையாகாது. வினா வெளியே தெரிந்தால் சோதனை செத்துவிடும். அதனால் இந்தக் கட்டுரைக்காகவே ஒரு வினாவை உண்டாக்கிக்கொள்வோம். “குடை எதுக்கு?” ஆறு வயதுச் சிறுமியிடம் கேட்கப்படுகிறது. விடைத்தாளில் பயிற்சியாளர் ‘பயன் சொல்லவில்லை, 0’ என்று எழுதியிருக்கிறார். மாலையில் மேற்பார்வையாளர் அந்த வரியில் விரலை வைக்கிறார்.

“பாப்பா என்ன சொன்னா?”

“பாட்டியைப் பத்தி ஏதோ சொன்னா, மேடம்.”

“ஏதோன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லும்மா.”

“‘பாட்டி எடுத்துட்டுப் போவாங்க’ன்னு சொன்னா.”

“எப்போ எடுத்துட்டுப் போவாங்கன்னு கேட்டியா?”

பயிற்சியாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘வெயில்ல’ என்றோ ‘மழைக்கு’ என்றோ விடை வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். இப்போது அதைத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. இந்த ஐந்து வரி உரையாடலில் பயிற்சியாளர் கற்றது மூன்று. விடையை அப்படியே எழுத வேண்டும். பாதி விடைக்குத் துருவிக் கேட்க வேண்டும். குழந்தைகள் பொருளைப் பயனால் அறிவதற்கு முன்பு ஆளால் அறிகிறார்கள். மூன்றாவது எந்தக் கையேட்டிலும் இந்தச் சொற்களில் கிடைக்காது. தாளில் ‘0’ மட்டும் இருந்து, அதற்குப் பின்னாலிருந்த சொல் பயிற்சியாளரின் நினைவிலிருந்தும் போயிருந்தால் இந்தப் பாடம் நடந்திருக்காது.

மேசையருகே உட்கார்ந்து பார்த்தால் தாளில் பதியாத பிழைகளும் தெரியும். ஒவ்வொரு விடைக்கும் ‘சூப்பர்’, ‘கரெக்ட்’ என்று சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்பால் சொல்வதுதான். ஆனால் அது விடை சரியா தவறா என்று குழந்தைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நாலாவது வினாவில் ‘சூப்பர்’ வராதபோது குழந்தை சுருங்கிவிடும். முயற்சியைப் பாராட்டலாம், விடையைப் பாராட்டக் கூடாது என்ற விதி அதற்காகத்தான். செகுயின் வடிவப் பலகையில் பத்து மரத்துண்டுகளை உரிய குழிகளில் வைக்க மூன்று முயற்சி தருவார்கள். மிகக் குறைந்த நேரம்தான் கணக்கில் வரும். கடிகாரத்தை எப்போது அழுத்துவது, துண்டுகளை எப்படி அடுக்கி வைப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபட்டால், இரண்டு குழந்தைகளின் நேரத்தை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பிழை கையில் மட்டும் இருப்பதில்லை, எதிர்பார்ப்பிலும் இருக்கிறது. ஜெரோம் சாட்லரும் கூட்டாளிகளும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பொருள் தரும் அதே விடைகளை, ‘கெட்டிக்காரர் சொன்னது’ என்று நம்பியவர்கள் கூடுதலாகவும் ‘மந்தமானவர் சொன்னது’ என்று நம்பியவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். பரிந்துரைச் சீட்டில் ‘மனவளர்ச்சி குன்றியவர் எனச் சந்தேகம்’ என்று எழுதி வரும் குழந்தைக்கு, அறைக்குள் நுழையும் முன்பே சில மதிப்பெண்கள் குறைந்துவிட வாய்ப்பிருக்கிறது. அந்தச் சீட்டைப் பார்க்காமல் விடைத்தாளை மட்டும் வாங்கி மறுபடி மதிப்பெண் போட்டுப் பார்க்கும் மேற்பார்வையாளரால் இந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க முடியும்.

பழைய படிக்கல்

இந்தியப் பயிற்சியாளருக்கு இன்னொரு சுமை உண்டு. ஆல்ஃபிரெட் பினே 1905இல் பாரிஸில் வகுத்த சோதனையை வி.வி. காமத் 1934இல் கன்னடத்துக்கும் மராத்திக்கும் தகவமைத்தார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் அது நம் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. வெக்ஸ்லர் சோதனையை ஏ.ஜே. மாலின் நாக்பூரில் இந்தியக் குழந்தைகளுக்காகத் தகவமைத்தது 1969இல். இந்தச் சோதனைகளின் ஒப்பீட்டு அளவுகள் அந்தந்தக் காலத்துக் குழந்தைகளை வைத்து எடுத்தவை.

பழைய படிக்கல்லால் இன்றைய பொருளை நிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ஃப்ளின் கண்டுபிடித்த விளைவு ஒரு விடை தருகிறது. அமெரிக்காவில் ஐ.க்யூ. மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி வீதம் ஏறிவந்ததை 1984இல் அவர் காட்டினார். 1987இல் 14 நாடுகளின் தரவுகளிலும் ஏற்றத்தைக் காட்டினார். பழைய அளவுகளோடு ஒப்பிட்டால் இன்றைய குழந்தையின் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். உதவி தேவைப்படும் குழந்தை ‘எல்லைக்கோட்டு நிலை’ என்று திருப்பி அனுப்பப்படலாம்.

இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. கையேட்டில் இருக்கும் தமிழ் ஒன்று, தருமபுரியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வரும் குழந்தையின் வீட்டுத் தமிழ் இன்னொன்று. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தையும் வரும். பயிற்சியாளர் அந்தக் கணத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்கிறார். சொல் மாறினால் வினாவின் கடினமும் மாறக்கூடும். எந்தச் சொல்லை மாற்றலாம், எதை மாற்றினால் அது வேறு சோதனை ஆகிவிடும், சொல்லே வேண்டாத செயல் சோதனைகளுக்கு எப்போது போவது என்பதெல்லாம் தனியாளாக உட்கார்ந்து தீர்க்கக்கூடிய கேள்விகள் அல்ல. மாற்றியதைத் தாளில் எழுதிவைத்து, மேற்பார்வையில் பேசி, துறைக்குள் ஓர் ஒழுங்காக ஆக்கிக்கொள்ள வேண்டியவை.

எண் என்பது ஒரு நெடுக்கம்

பயிற்சியாளருக்கு மிகக் கடினமாக வரும் பாடம் எண்ணைத் தளர்வாகப் பிடிப்பது. திட்டவிலக்கம் 15, நம்பகத்தன்மை 0.95 என்று உள்ள நல்ல சோதனையிலேயே அளவீட்டுப் பிழை 3.35 புள்ளி வரும். 95 விழுக்காடு உறுதியோடு பேச வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 6.6 புள்ளி விட வேண்டும். 69 என்று எழுதினால், அதன் பொருள் சுமார் 62க்கும் 76க்கும் இடையில் எங்கோ என்பதுதான்.

இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடாமல் உயிர்க் கணக்கானது ஒருமுறை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றது. ஃப்ளோரிடா மாநிலமோ, 70க்கு மேல் மதிப்பெண் வந்திருந்தால் குறைபாட்டுக்கான வேறு சான்றுகளை முன்வைக்கவே இடம் தரவில்லை. ஃப்ரெடி லீ ஹால் என்ற கைதியின் மதிப்பெண் 71. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2014 மே மாதம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், சோதனையின் அளவீட்டுப் பிழையைக் கண்டுகொள்ளாத அந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒற்றை எண்ணை உண்மையாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ஒரு நாட்டின் மிக உயர்ந்த மன்றமே திருத்த வேண்டியிருந்தது.

நம் சான்றிதழ் முறையும் கோடு போட்டுத்தான் இயங்குகிறது. அரசு எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பது உண்மைதான். கோடு இருப்பதால்தான், கோட்டருகே வரும் எண்களைத் தனியாள் தீர்ப்புக்கு விடக் கூடாது. ஈவு 65க்கும் 75க்கும் இடையில் வரும் ஒவ்வொரு தாளையும் இரண்டாமவர் ஒருவர் மூலத்தாளிலிருந்து மறுபடி மதிப்பிட வேண்டும் என்ற எளிய ஏற்பாடே பல அநீதிகளைத் தடுக்கும்.

யாருக்கும் பொருந்தும் அறிக்கை

தாளுக்குப் பின் அறிக்கை. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு ‘தனிப்பட்ட’ அறிக்கை தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் ஒரே அறிக்கையைத்தான் கொடுத்திருந்தார். அதன் வரிகளைக் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்.

வாரபலன் படித்து வளர்ந்த நமக்கு இது ஆச்சரியம் தராது. ஆனால் ‘கவனக்குறைவு காணப்படுகிறது, ஊக்கம் தந்தால் மேம்படும், பெற்றோரின் ஆதரவு தேவை’ என்று முடியும் அறிக்கை வாரபலனிலிருந்து எவ்வளவு தூரம்? முந்தைய அறிக்கையைத் திறந்து பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிச் சேமிக்கும் கணினிக் காலத்தில் இந்தத் தூரம் இன்னும் குறைந்திருக்கிறது. மேற்பார்வையாளர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “இந்தப் பத்தியை அடுத்த கேஸுக்கும் ஒட்டலாமா?” ஒட்டலாம் என்றால் அந்தப் பத்தியை அடித்துவிட வேண்டும். மீதி என்ன நிற்கிறதோ அதுதான் அந்தக் குழந்தையைப் பற்றிய அறிக்கை. ஆசிரியருக்கும் தாய்க்கும் நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது என்று தெரிய வேண்டும். படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான், வாய்ச்சொல்லை மட்டும் கேட்டால் தடுமாறுகிறான் என்று எழுதினால் வகுப்பில் ஏதாவது மாறும்.

சொல்லாமல் விடுவது

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பயிற்சியாளர் தன் தவறை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். சொல்கிறார்களா? நிக்கோலஸ் லடானியும் கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் இருந்த உளச் சிகிச்சையாளர்களில் 97.2 விழுக்காட்டினர் மேற்பார்வையாளரிடம் ஏதாவது ஒன்றை மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்குச் சராசரி எட்டு விஷயங்கள். மேற்பார்வையாளர் மீதான அதிருப்தி, தங்கள் சொந்தத் தவறுகள், நோயாளர் பற்றிய எண்ணங்கள் என்று பட்டியல் நீண்டது. அது சிகிச்சைப் பயிற்சி பற்றிய ஆய்வு. ஆனால் மனித இயல்பு சோதனை அறையில் மாறிவிடப்போவதில்லை.

நம் ஊரில் இந்த மௌனத்துக்குக் கனம் கூடுதல். துறைத்தலைவர், மேற்பார்வையாளர், உள்மதிப்பீடு போடுபவர், பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் பல இடங்களில் ஒரே ஆள். ‘மேடம், நான் அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துட்டேன்’ என்று அவரிடம் சொல்லத் துணிச்சல் வேண்டும். திட்டு வாங்காமல் தப்பிக்கத் தாளில் இல்லாத விடையை இரவில் எழுதிச் சேர்ப்பது அதைவிடச் சுலபம். அப்படி ஒரு முறை எழுதிச் சேர்த்தவருக்கு அதன் பிறகு விடைத்தாள் என்பது குழந்தையின் பதிவாக இருப்பதில்லை; மேலிடத்துக்குக் காட்டும் கணக்காகிவிடுகிறது.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. மேற்பார்வையாளர் தன் பழைய விடைத்தாள் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு, குழுவின் முன் வைத்துப் பிழை தேடச் சொல்லலாம். மூத்தவரின் தாளிலும் பிழை கிடைக்கும். கிடைத்த பிறகு பேச்சு ‘யார் தப்பு செய்தார்’ என்பதிலிருந்து ‘இந்த இடத்தில் எல்லாரும் ஏன் வழுக்குகிறோம்’ என்பதற்கு நகரும். அதிகாரம் போய்விடாது. வாசலில் நிற்கும் வேலையும் போய்விடாது. தவறைச் சொல்வதற்கான விலை மட்டும் குறையும்.

பட்டம் வாங்கிய பிறகு

பதிவெண் கிடைத்த மறுநாள் என்ன நடக்கிறது? ஒரு லட்சம் பேருக்கு 0.07 உளவியலாளர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு மனநல ஏடு இந்தியாவுக்குக் கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. இந்த நிலையில் புதிதாகப் பதிவு பெற்றவர் பெரும்பாலும் தன் கட்டடத்தில் ஒரே உளவியலாளராக உட்காருகிறார். நேற்றுவரை ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்து வாங்கியவர் இன்று கையெழுத்துப் போடுபவர். பிழை திருத்தும் கண் தேவைப்படும் காலத்திலேயே அது போய்விடுகிறது.

இவ்வளவு ஆள் பற்றாக்குறையில் மேற்பார்வைக்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. சான்றிதழ் முகாம் நாளில் வரிசையைப் பார்த்தவர்கள் யாரும் இதை அலட்சியமாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லாத் தாளையும் பார்ப்பதுதான் மேற்பார்வை என்று இல்லை. பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு சோதனைக் கருவியிலும் முதல் சிலவற்றை அறைக்குள் உட்கார்ந்து முழுமையாகப் பார்ப்பது. அதன்பின் பத்தில் ஒரு தாளை, எது என்று முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்துப் பார்ப்பது. கோட்டருகே வரும் எண்களை மட்டும் கட்டாயம் இரண்டாமவருக்கு அனுப்புவது. இப்படிப் பிரித்துக்கொண்டால் நேரம் கட்டுப்படும். பத்தில் எது எடுக்கப்படும் என்று தெரியாதபோது பத்தும் ஒழுங்காக எழுதப்படும்.

தனியாக இருப்பவர்கள் மாதம் ஒருமுறை நான்கைந்து பேராகக் கூடி ஆளுக்கொரு தாளைப் படிக்கலாம், நேரிலோ இணையவழியிலோ. ஒரு எச்சரிக்கை: குழந்தையின் பெயர் தெரியும் தாளையோ சோதனைப் படத்தையோ வாட்ஸ்அப் குழுவில் போடுவது மேற்பார்வை ஆகாது, அது அந்தக் குழந்தைக்கும் சோதனைக்கும் செய்யும் துரோகம். இன்னொன்று, மேற்பார்வை செய்யவும் பயிற்சி வேண்டும். நல்ல சோதனையாளர் தானாகவே நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. பந்து வீசத் தெரிந்தவரெல்லாம் பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை என்பது போல. எம்.ஃபில்.லுக்குப் பதிலாக வரும் புதிய படிப்புகளில் மேற்பார்வை மணிநேரம் எத்தனை என்று எழுதுவதோடு நிற்காமல், அந்த மணிநேரத்தில் மேசை மேல் எந்தத் தாள் இருக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

தொடங்கிய இடத்தில் இருந்த சிறுவனின் தாளுக்கு வருவோம். அந்த வரியில் வெறும் கழித்தல் குறி இருந்தால், எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பத்தான் முடியும். அதே வரியின் ஓரத்தில், பென்சிலில், அவசரமான கையெழுத்தில் ‘ரோட்டுல லாரி ஜாஸ்தி, அனுப்புறதில்ல’ என்று அம்மாவின் வாய்ச்சொல் இருந்தால், படிப்பவர் அங்கே நின்றுவிடுவார். மறுபடி அந்தத் தாயைக் கூப்பிட்டு இன்னொரு கேள்வி கேட்பார். அவன் வீட்டு மாடிப்படி ஏறி மேல்வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வருவானா என்று கேட்கலாம். விடை ஆம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அதன் கீழே போடும் கையெழுத்துக்கு ஒரு பொருள் இருக்கும்.